பர்மாத் தேக்கு வீட்டுப்பாடம்

காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துபவர் சேவுகப்பெருமாள். சொந்த ஊர் நேமத்தான்பட்டி. எம்.ஏ., பி.எட். முடித்து, அரசுப் பள்ளி வேலைக்கான தகுதித் தேர்விலும் தேறி, அந்த வேலை வரும்வரை இருப்போம் என்று இங்கே சேர்ந்தார். வேலை வரவில்லை. முன்மண்டை முடிதான் போய்விட்டது. வரலாற்று ஆசிரியை கல்யாணமாகி சிங்கப்பூர் போனதும் தாளாளர் ஞானசம்பந்தம் அவரைக் கூப்பிட்டு, நீங்கள் இங்கிலீசில் கதைதானே நடத்துகிறீர்கள், வரலாறும் கதைதானே என்று அந்தப் பாடத்தையும் அவர் தலையில் கட்டினார்.

அந்தப் பள்ளிக்கு ஒரு செல்போன் செயலி உண்டு. அன்றன்றைய வகுப்புப் பாடத்தையும் வீட்டுப்பாடத்தையும் சாயங்காலத்துக்குள் அதில் ஏற்றிவிட வேண்டும். ஒருநாள் ஏழாம் வகுப்பு முழுவதையும் ஒரு விருந்தினரை வரவேற்கத் தாம்பாளத்தோடு வாசலில் நிறுத்திவிட்டார்கள். சேவுகப்பெருமாள் நடந்ததை அப்படியே ஏற்றினார். ‘வகுப்புப் பாடம்: வெயிலில் நின்றோம். வீட்டுப்பாடம்: இளைப்பாறவும்.’ அரை மணி நேரத்தில் தாளாளர் அழைத்தார். பாடம் நடக்காத நாளிலும் பாடம் நடந்திருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகு செயலியில் முகலாயர்கள் தவறாமல் வந்தார்கள், வகுப்புக்கு வராத நாட்களிலும்கூட.

அது அவருக்குப் பழகிவிட்டது. பழகாதது, திரும்பி வரும் வீட்டுப்பாடம். வகுப்பில் தன் பெயரையே கோணலாக எழுதுகிற பிள்ளை, வீட்டிலிருந்து முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்தது. அக்பரின் சமயக் கொள்கை பற்றி எல்லாப் பிள்ளைகளும் ஒரே கருத்து வைத்திருந்தன, ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழையுடன்.

காப்பியடிக்கவே முடியாத வீட்டுப்பாடம் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று யோசித்தார். ஆங்கிலத்துக்கும் ஆயிற்று, வரலாற்றுக்கும் ஆயிற்று என்று ‘என் வீட்டின் வரலாறு’ என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அவனவன் வீட்டைப் பற்றி அவனவன்தானே எழுத முடியும் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் வந்த நோட்டுகளில் காரைக்குடியே அரண்மனையாகியிருந்தது. எல்லார் வீட்டிலும் பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிய சுவர். இணையத்தில் ஏதோ ஒரு விடுதியின் விளம்பரத்திலிருந்து வீடுகள் மொத்தமாகக் கிளம்பி வந்திருந்தன. போன வருஷம் கட்டி முடித்த அடுக்குமாடியில் குடியிருக்கும் பையனுக்கும் இரண்டு முற்றங்கள் இருந்தன.

முத்துமீனா என்ற பெண்ணின் கட்டுரைதான் எல்லாவற்றிலும் நீளம். அவள் வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயர் கடையின் மாடி. சேவுகப்பெருமாள் பத்துக்கு நான்கு போட்டு அனுப்பினார். அடுத்த நாள் காலையில் அவள் அம்மா சித்ரா நோட்டோடு வந்து நின்றாள்.

“பிள்ளையத் தூங்க வச்சுட்டு உக்காந்து எழுதுனேன் சார். இத்தனைக்கும் நான் பிளஸ் டூவுல இங்கிலீசுல நல்ல மார்க்கு. எனக்குப் போயி நாலு போட்டிருக்கீக?”

உங்களுக்கு இல்லை, உங்கள் மகளுக்குத்தான் போட்டேன் என்றார் அவர். சித்ராவுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தாளாளரிடம் போனாள்.

தாளாளர் படித்தார். படித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னையிலிருந்து ஒரு சுற்றுலா அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாரம்பரியக் கட்டுரைப் போட்டி அறிவித்திருந்தது. நான்கு மதிப்பெண் பெற்ற அந்தக் கட்டுரையை அதற்கு அனுப்பிவைத்தார். முதல் பரிசு கிடைத்தது. கூடவே ஒரு தகவலும் வந்தது. பரிசை அந்த வீட்டிலேயே வைத்துக் கொடுக்க நடுவர்கள் நேரில் வருகிறார்கள்.

சேவுகப்பெருமாள், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார். தாளாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“உண்மையச் சொல்லலாம், யாரு வேணாங்கிறா? பரிச வாங்கிட்டுச் சொல்லுவோம்.”

கானாடுகாத்தானில் தாளாளருடைய பங்காளிகளின் வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து, வௌவால்களை விரட்டி, கழுவிவிட்டார்கள். முற்றத்தில் கோலம் போட்டார்கள். சித்ரா பட்டுச்சேலை உடுத்தி, அந்த வீட்டு மனுஷியாகக் கொஞ்சம் நடந்து பார்த்துக்கொண்டாள். அடுப்படி எந்தப் பக்கம் என்று மட்டும் அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கட்டுரையை மேற்பார்வை செய்த ஆசிரியர் என்று சேவுகப்பெருமாளையும் ஓரமாக நிறுத்தினார்கள். ஓடிப்போய்விடலாமா என்று அவருக்கு இருந்தது. ஆனால் பைக்கை மறித்தபடி தாளாளரின் கார் நின்றது.

நடுவர்களில் மூத்த அம்மாள் தூண்களைத் தடவிப் பார்த்தார். பிறகு முத்துமீனாவின் அருகில் உட்கார்ந்து, இவ்வளவு பெரிய வீட்டில் நீ எந்த இடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வாய் என்று கேட்டார்.

“நான் செய்ய மாட்டேன். அம்மாதான் செய்வாக,” என்றாள் முத்துமீனா.

சித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். முதலில் சிரித்தவர் அந்த அம்மாள்தான். தன் பேரன் பள்ளிக்குத் தான் செய்துகொடுத்த எரிமலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மற்ற நடுவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். வீடு யாருடையது என்ற கேள்வியே எழவில்லை. பரிசு சித்ராவின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு முதல் பெற்றோருக்கெனத் தனிப் பிரிவு உண்டு என்று அங்கேயே அறிவித்தார்கள். தாளாளர்தான் முதலில் கைதட்டினார்.

திங்கட்கிழமை சேவுகப்பெருமாள் ஏழாம் வகுப்புக்குப் போய், அதே தலைப்பைக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொன்னார். பிள்ளைகள் பேனாவைக் கடித்தன. முத்துமீனா ஐந்து வரி எழுதினாள். கீழே லாரி டயருக்குக் காற்றடிக்கும்போது தரை அதிரும் என்றும், டயர் வெடித்தால் தம்பி சிரிப்பான் என்றும், சுவரில் ஈரம் ஒரு யானை மாதிரி இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். இலக்கணம் அங்கங்கே நொண்டியது. சேவுகப்பெருமாள் அதை இரண்டு முறை படித்துவிட்டு எட்டு போட்டார்.

அன்றிலிருந்து அவருடைய வீட்டுப்பாடங்கள் வகுப்பிலேயே எழுதி முடிக்கப்பட்டன. வீட்டில் பிள்ளை சும்மா இருக்கிறது என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். தாளாளர் அவரிடமிருந்து எட்டாம் வகுப்பைப் பிடுங்கி, கீழ்ப்படியும் இன்னொருவரிடம் கொடுத்தார். எட்டாம் வகுப்பு போனதில் அவருக்கு வருத்தமில்லை. அங்கே பாதிப் பேருக்குப் பெற்றோர்கூட எழுதவில்லை, டியூஷன் மாஸ்டர்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

சித்ராதான் அவர் எதிர்பாராதது. சாயங்காலங்களில் கை சும்மா இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டாள். ஒருநாள் பள்ளி வாசலில் அவரை நிறுத்தி, சோழர் நிர்வாகம் பற்றித் தான் எழுதியதைக் கொடுத்து, திருத்தித் தரமுடியுமா என்று கேட்டாள்.

“நெட்டப் பாக்கல சார். புஸ்தகத்தப் படிச்சு நானா எழுதுனது. தப்பு நெறைய இருக்கும்.”

பைக்கின் மேலேயே தாளை விரித்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார் சேவுகப்பெருமாள். தப்பு நிறையவே இருந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.