ஆனந்தராஜ் கட்டிய பச்சை நூல்

பதினெட்டு. இந்த எண்ணை மறக்க வேண்டாம். பவர் டில்லரின் பின்னால் மண்ணைக் கிளறுகிற ரோட்டரியில் இருக்க வேண்டிய கத்திகள் அத்தனை. இருக்க வேண்டியவை என்றுதான் சொன்னேன்.

கோட்டுச்சேரிமேட்டு அஞ்சுகத்துக்கு இந்தக் கணக்கு 2006 வரை தெரியாது. அவள் மீன்காரி. விடியும் முன்னே ஏலத்தில் மீன் எடுத்து, காரைக்கால் மார்க்கெட்டில் கூடை இறக்கி, மத்தியானம் வீடு திரும்பி வலை தைக்கிறவள். டில்லர் அவள் புருஷன் ஆனந்தராஜுடையது.

ஆனந்தராஜ் கடலுக்குப் போகாத மீனவன். படகில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வரும். ஃபைபர் படகு வைத்திருந்த அண்ணன் தர்மராஜ் இரண்டு தடவை கூட்டிப் போனார். இரண்டு தடவையும் பிழிந்த துணி மாதிரி கரையில் கொண்டுவந்து போட்டார். அதோடு சரி. பூவம் கிராமத்தில் ஒரு விவசாயி கழித்துவிட்ட பழைய டில்லரை வாங்கி, வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான்.

ஊர் சும்மா விடுமா?

"என்னடா ஆனந்து, இன்னிக்கு வரப்புல எத்தன கூடை வஞ்சிரம்?"

"ஒங்க போட்டு கவுந்தா ஆளே போயிடுவான்டா. எம் போட்டு கவுந்தா எறங்கி நிமித்திக்குவேன், போ."

வாய் அப்படி. ஆனால் மீனவப் புத்தி அவனை விடவில்லை. கத்திகளின் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க மற்ற டில்லர்காரர்கள் ஸ்பிரிங் வாஷர் போடுவார்கள். ஆனந்தராஜ் வலை நூலால் கட்டுவான். போல்ட்டைச் சுற்றி இறுக்கி, வலைக்குப் போடும் அதே முடிச்சு. மண்ணில் ஓடினால் நூல் அரைபட்டுப் பஞ்சாகும். மறுபடி கட்டுவான். வாஷர் வாங்கு என்றால் கேட்க மாட்டான்.

2004 டிசம்பர் 25, சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சுகத்திடம் வந்து நூல் கேட்டான். எப்போதும் கொடுக்கிற நீல நூல் தீர்ந்திருந்தது. தர்மராஜின் புது வலைக்கு வந்திருந்த பச்சை நூல்தான் இருந்தது.

"ஏய்யா, புது வலை நூல்யா இது. ஒங்க அண்ணன் பார்த்தாருன்னா என்னையத்தான் கொமைவாரு."

"கடல்ல கெடந்து நனையறதுக்கு என் வண்டியில கெடந்து ஒழைக்கட்டும். அறு, அறு."

அறுத்துக் கொடுத்தாள். சைக்கிளில் கடலைக் கொல்லைக்குப் போனான். மார்கழிப் பட்டம்; மணல் கொல்லையெல்லாம் கடலை போட உழவுக்குக் காத்திருந்தது. வண்டியையும் அங்கேதான் நிறுத்தியிருந்தான். இருட்டிய பிறகு வந்து, நூல் கட்டவே பொழுது சாய்ந்துவிட்டது என்று சொல்லிச் சாப்பிட்டுப் படுத்தான். விடியும் முன் அவள் கூடையைத் தூக்கியபோது தூங்கிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைதானே, எழுப்பவில்லை.

அன்று காலை கடல் ஏறி வந்தது. அஞ்சுகம் மார்க்கெட்டில் இருந்தாள், பிழைத்தாள். வீடு இருந்த இடத்தில் மணல். கொல்லை இருந்த இடத்தில் சேறு. ஆனந்தராஜ் இல்லை. உடம்பும் இல்லை.

சர்க்காருக்கு மூன்று பெட்டி உண்டு. செத்தவர், பிழைத்தவர், காணாமல் போனவர். மூன்றாவது பெட்டியில் கிடக்கிறவனின் பெண்டாட்டி யார், சுமங்கலியா, தாலி அறுத்தவளா? எந்த அதிகாரியும் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஊர் சொன்னது வேறு. வேளாங்கண்ணியில் பார்த்தேன் என்றார் ஒருவர். தாடி வளர்த்து, பேச்சு மறந்து, கடலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறான் என்றார் இன்னொருவர். அஞ்சுகம் இரண்டு ஊருக்கும் போனாள். பொட்டை அழிக்கவில்லை. சுனாமிக் குடியிருப்பில் கொடுத்த புது வீட்டின் கதவுக்கு ஒரு நாளும் உள்தாழ்ப்பாள் போடவில்லை. காற்று கதவைத் தள்ளும்போதெல்லாம் எழுந்து உட்காருவாள்.

டில்லர் மட்டும் கிடைத்தது. சவுக்குத் தோப்பில் கைப்பிடி வானத்தைப் பார்க்க, மூக்கு மணலில் புதைந்து கிடந்தது. இழுத்து வந்து அவள் வீட்டுப் பக்கத்தில் போட்டார்கள். கோழி அதன் மேல் ஏறி உட்காரும். வேறு யாரும் தொட மாட்டார்கள். அலை தொட்டுவிட்டுப் போன சாமான்.

இப்படியே ஓடியிருக்கும். 2006 ஐப்பசியில் தர்மராஜ் வந்து வாசலில் நின்றார். மகள் பாரதிப்ரியாவுக்குக் கிளிஞ்சல்மேட்டில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரே கேள்விதான் கேட்டார்கள். உங்கள் வீட்டில் ஒரு சாவுக்குக் காரியம் பாக்கி இருக்கிறதே, தீட்டு வீட்டில் எப்படிப் பெண்ணெடுப்பது?

"அஞ்சுகம், ஒன்னைய பொட்டை அழின்னு நான் சொல்லல. காரியத்த முடிச்சிடுவோம்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் அத்தான்."

"அப்ப எம் பொண்ணு? அவ தலையில நரை விழுந்த பொறவு கட்டிக் குடுக்கவா?"

"அவரு நாளைக்கி வந்து நின்னா யாரு பதில் சொல்றது? ஒனக்குக் கருமாதி வச்சி ஊருக்கே சோறு போட்டுட்டோம்னு நீங்க சொல்லுவீங்களா?"

தர்மராஜ் கெட்ட மனுஷர் இல்லை. தம்பியைத் தேடி உடம்பு உடம்பாகப் புரட்டிப் பார்த்தவர் அவர்தான்.

"மொதல்ல அவரு வண்டிய சரி பண்ணிடுறேன். வந்தாருன்னா மொதல்ல அதைத்தான் கேப்பாரு. ஓடட்டும். அப்பறம் சொல்றேன்" என்றாள் அஞ்சுகம்.

படகு எஞ்சின் மெக்கானிக் கருப்பையன் வந்தான். ஆனந்தராஜின் கூட்டாளி. எஞ்சின் அவனுக்குப் பழகிய சாமான். கழற்றிக் கழுவி ஒரு வாரத்தில் உறும வைத்துவிட்டான். ரோட்டரிதான் அடம்பிடித்தது. உப்புத்துருவும் சேறும் ஒன்றாய் இறுகி, கத்தி எது மண் எது என்று தெரியாத ஒரே பாறை. மண்ணெண்ணெயும் கழிவு ஆயிலும் ஊற்றிச் சாக்குப் போட்டு மூடினார்கள். அஞ்சுகம் தினமும் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் சாக்கைத் தூக்கிப் பார்ப்பாள். நோயாளிக்குக் கஞ்சி ஊற்றுகிற மாதிரி மறுபடி ஊற்றுவாள்.

செயின் பெட்டியைத் திறந்த அன்று கறுப்புச் சேறு கொழகொழவென்று இறங்கியது. கூடவே ஒரு நாற்றம். கருப்பையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"அன்னிக்கி கரையில அடிச்ச அதே நாத்தம் அண்ணி."

எந்த நாற்றம் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கரையில் யாரும் கேட்க மாட்டார்கள். மீன் கழுவுகிற அன்னக்கூடையில் தண்ணீர் கொண்டுவந்து அவளே ஊற்றிக் கழுவினாள். சேறு தரையில் ஓடி, அவள் வாசல்படி வரை வந்து நின்றது.

பேரிங்கும் ஆயில் சீலும் புதிதாய்ப் போட்டான். தட்டித் தட்டி ஒவ்வொரு கத்தியின் மேலும் இறுகியிருந்த சேற்றை உதிர்த்தான். கடைசியில் விரல் விட்டு எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"பதினெட்டு இருக்கணும் அண்ணி. ஒண்ணு இல்ல."

"அலையில ஒடஞ்சிருக்கும்."

"ஒடஞ்சா அடித்துண்டு நிக்கும்ல? இங்க பாருங்க, போல்ட்டு முழுசா இருக்கு. கத்தியக் கழட்டிட்டு, போல்ட்டு தொலையாம இருக்க அதே ஓட்டையில திரும்ப மாட்டி, அதுக்கும் நூலு கட்டி வச்சிருக்கான். கப்பலுக்கு நங்கூரம் கட்டுற மாதிரி! கஞ்சப் பய." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "கத்தி தேஞ்சிருக்கும். வெல்டு வைக்க எடுத்துட்டுப் போயிருக்கான் அண்ணி. ஆஸியா பீவி பட்டறைக்குத்தான் போவான். அது டவுனுக்குள்ளல்ல இருக்கு? ஞாயித்துக்கிழமை காலையில அவன் பட்டறைக்குப் போயிருந்தான்னா..."

அங்கே தண்ணீர் வரவில்லை. அதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். சொல்லாமலே சொன்னதாயிற்று. வண்டி கொல்லையில், ஆள் டவுனில். பயத்தில் எங்கேயோ பஸ் ஏறியிருக்கலாம். வேளாங்கண்ணி. கடலூர்.

அஞ்சுகம் குனிந்து ரோட்டரியைப் பார்த்தாள். சேற்றை நகத்தால் சுரண்டினாள். பச்சை நூல். ஒவ்வொரு முடிச்சாய் விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு முடிச்சை மட்டும் அறுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் கூடையோடு நேரே பட்டறைக்குப் போனாள். புருஷன் போன பிறகு ஆஸியா பீவிதான் பட்டறையை நடத்தினார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெல்டர்களை அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, மீன் எனக்கு வேணாம். வீட்டுல கறி."

"மீன் விக்க வரல பீவிம்மா. டில்லர் கத்தி ஒண்ணு. ஆனந்தராஜுன்னு, கோட்டுச்சேரிமேடு..."

பீவி நாற்காலியை விட்டு எழுந்தார். உள்ளே போய் ஆணியில் தொங்கிய ஒரு கத்தியை எடுத்து வந்தார். முனையில் வெல்டு வைத்து, கூர் தட்டி, துரு ஏறாமல் கிரீஸ் பூசியிருந்தது.

"நீ அவரு வூட்டுக்காரியா? உக்காரு புள்ள."

"எப்ப குடுத்தாரு?"

"கிறிஸ்துமஸ் அன்னிக்கி, மத்தியானம். வெல்டர் பய பண்டிகைக்குப் போயிட்டான், திங்கக்கெழம வாங்கன்னு சொன்னேன். அதுக்கென்ன, நாளைக்கி ஒரு கத்தி இல்லாமலே ஓட்டிக்கிறேன், கடலைக்குப் பட்டம் தவறிடும்னுட்டுப் போனாரு. திங்கக்கெழம வரல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. யாருகிட்டப் போயி சொல்லுவேன்? வூடு எதுன்னு தெரியாதே."

"எனக்கும் தெரியும் பீவிம்மா."

"தெரிஞ்சா பொறவு எதுக்குப் புள்ள வந்தே?"

"நீங்க வேற மாதிரி சொல்ல மாட்டீங்களான்னு வந்தேன்."

முந்தானையை அவிழ்த்து முடிச்சைக் காட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் அறுத்துக் கொடுத்த நூல். கட்டி முடிக்கவே இருட்டிவிட்டதால் அன்று வண்டி ஓடவில்லை. ஓடாத வண்டியில் நூல் புதுசாகவே இருக்க வேண்டும். ஆனால் ரோட்டரியில் எல்லா முடிச்சும் ஒரே பக்கமாய்த் தேய்ந்து பஞ்சாகியிருந்தது. அலை நூலை அறுக்கும். இப்படி ஒரே பக்கமாய்த் தேய்க்காது. மண் தேய்த்தது அது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆனந்தராஜ் கடலுக்குப் பக்கத்தில், ஒரு கத்தி இல்லாத வண்டியைப் பிடித்து உழுதுகொண்டிருந்தான். வலை தைக்கிறவளின் விரல் முதல் முடிச்சிலேயே இதைச் சொல்லிவிட்டது. அவள்தான் நம்ப மனமில்லாமல் பதினெட்டு முடிச்சையும் தடவிப் பார்த்தாள்.

சாயங்காலம் தர்மராஜ் வீட்டு வாசலில் நின்றாள்.

"காரியத்துக்கு நாள் பாருங்க அத்தான்."

தர்மராஜ் அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "எலும்புக்குப் பதிலா இது இருக்கட்டும். கடல்ல கரைச்சிடுவோம்" என்றார்.

"கடலுக்கா? உசுரோட இருக்கயிலயே அதுல ஏற மாட்டேன்னவரு. அதுக்கு நான் ஒண்ணும் குடுக்க மாட்டேன். மண்ணுல வைங்க."

புது வேட்டியில் சுற்றி மண்ணில்தான் வைத்தார்கள். சுடுகாட்டில் கடற்கரைப் பக்கம் வேண்டாம் என்று சொல்லி, உள்பக்கமாய் அவளே இடம் காட்டினாள். தையில் பாரதிப்ரியா கழுத்தில் தாலி ஏறியது. அஞ்சுகம் கடைசி வரிசையில், வெற்று நெற்றியோடு உட்கார்ந்து பார்த்தாள்.

கருப்பையன் புதுக் கத்தி ஒன்று வாங்கி வந்தான். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். அப்படியே கொல்லையில் இறக்கி ஓட்டச் சொன்னாள். ரோட்டரி சுற்றியது. கூர்ந்து கேட்டால் தெரியும்: ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மண்ணில் அடி விழாது. டப் டப் டப் என்று போய், ஒரு கணம் ஒன்றும் இருக்காது. பிறகு மறுபடி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடைசியாகக் கொல்லையில் கேட்ட சத்தம் இதுதான். அவள் மார்க்கெட்டில் இருந்ததால் கேட்கத் தவறிய சத்தம். வரப்பில் உட்கார்ந்து முழு உழவும் கேட்டாள்.

இப்போது அவளே ஓட்டுகிறாள். மீன் கூடையை விட்டாயிற்று. கடலைப் பட்டத்தில் அவளுக்கு ஓய்வே கிடையாது. கொல்லைக்காரர்கள் பின்னால் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

"என்ன அஞ்சுகம், ஒரு கத்தி கொறையுது? வாங்கிப் போடக் கூடாதா?"

"அது அவருகிட்ட இருக்கு. நீங்க ஒழவப் பாருங்க."

வீட்டுக் கதவுக்கு இன்னும் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. ஏன் என்று கேட்டால் பழக்கம் என்கிறாள். வாரம் ஒரு தடவை சாக்கை விரித்து உட்கார்ந்து, ரோட்டரிக்குப் புதுசாய்ப் பச்சை நூல் கட்டுகிறாள். முடிச்சு பதினெட்டு.

கத்தி, பதினேழு.