தங்கையா மாமாவின் படமில்லாத பாட்டுகள்

பள்ளிப் பேருந்து தோட்டத்து முச்சந்தியில் நின்றதும், நான் இறங்குவதற்குள் ஆட்களை மேய்க்கும் மண்டோர் சொல்லிவிட்டார். "தங்கையா போயிட்டான்லா. ஒர்க்‌ஷாப்புல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தானாம். அவ்வளவுதான்."

அவர் இறந்தார் என்பதை விட, உட்கார்ந்தார் என்பதைத்தான் முதலில் நம்ப முடியவில்லை. நான் பார்த்தவரை தங்கையா மாமா எங்கும் உட்கார்ந்ததில்லை. சாப்பிடும்போதுகூடச் சுவரில் சாய்ந்து ஒரு காலை ஆட்டிக்கொண்டே நிற்பார். மேடையில் நாற்காலி போட்டால் தள்ளிவிடுவார். "உக்காந்து பாடுனா தாலாட்டு. நின்னு பாடுனாத்தான் பாட்டு" என்பார்.

பெடாஸ், பகாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ போனவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். வார நாட்களில் எங்கள் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் பழுது பார்ப்பவர். சனி, ஞாயிறு வந்தால் கௌபாய் தொப்பியும் கிட்டாருமாகக் கிளம்பிவிடுவார். அவர் கச்சேரிக்கு மைக் செட் போட்டு, ஒவ்வொரு பாட்டையும் அறிவித்தவர் என் அப்பா சிங்காரம். வரும் ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள். அன்று மண்டபத்தில் "அமரர் தங்கையா பாடிய திரைப்பாடல்கள்" பாடப்படும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

அவரை அறிந்தவர்களே, அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் அதிகமாகக் கைதட்டிய பாட்டுகள் எந்தப் படத்திலும் இல்லை. சொல்லும் மெட்டும் அவருடையவை. இதை எழுதும்போது அறைக்கு வெளியே அப்பா இருமுகிறார். நான் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கௌபாய் மாதிரி இசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். இளம் வயதில் அவர் வேலை செய்த தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரச் சின்னத் துரை இருந்தாராம். ஊர் திரும்பும்போது இசைத்தட்டுகளை விட்டுப் போயிருக்கிறார். "மாடு மேய்க்கிறவங்க பாட்டுன்னாங்க. கேட்டா மாடே வரல. ரோடும் ரயிலும்தான் வருது. நம்ம பாட்டாச்சேன்னு தோணுச்சி" என்றார். அந்தத் தட்டுகளில் கேட்ட கிட்டாரின் இழுவைச் சத்தத்துக்காக ஒர்க்‌ஷாப் ஸ்பானர் செட்டிலிருந்து ஒரு சாக்கெட்டை எடுத்து விரலில் மாட்டி, கம்பியின் மேல் இழுத்துப் பழகினார். வரிசை வீடுகளில் இருந்த லயத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"டேய் தங்கையா, பூனை வாலு கதவுல மாட்டிக்கிச்சா?"

"இல்லண்ணே. பூனைக்கு வீட்டு ஞாபகம் வந்திருச்சி" என்று பதில் சொல்லிவிட்டு இன்னும் பலமாக இழுப்பாராம்.

நான் பிறப்பதற்கு முன், எழுபதுகளில், பெடாஸ் பக்கம் ஒரு கல்யாணத்தில் முதல் தடவையாகத் தன் சொந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார். நம் கச்சேரிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதி, படத்தின் பெயரையும் போட்டு மேடைக்கு அனுப்புவார்கள். படத்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் பாட்டு. அவர் எதுவும் சொல்லாமல் ஆரம்பித்தார்.

சரக்கு ரயிலே, மெல்லப் போ,
சாமான் இல்லாம நானும் ஏறணும்;
எறங்குற ஊரு தெரியலைன்னா
ஏறுன ஊர மறக்கணும்.

பாட்டு முடிந்ததும் பந்தலில் ஒரு கை கூடத் தட்டவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, "எந்தப் படம்ப்பா?" என்று கேட்டார். "படம் இல்லைங்க, நானே கட்டுனது" என்றதும் பந்தல் முழுக்கச் சிரிப்பு. "கட்டுனத அவுத்துட்டு நல்ல பாட்டா ஒண்ணு எடுத்து வுடு!" என்று யாரோ கத்தினார்கள்.

அடுத்த மாதம் ரந்தாவ் திருவிழாவில் அவர் அதே பாட்டைப் பாட வந்தபோது, அவரைக் கேட்காமலே அப்பா மைக்கை எடுத்துவிட்டார். "ரசிகப் பெருமக்களே, அடுத்து வருவது, விரைவில் திரைக்கு வரவிருக்கும் 'வெள்ளித் தண்டவாளம்' படப் பாடல்!" அப்படி ஒரு படம் கிடையாது. பந்தல் பின்னால் போன ரயிலின் சத்தத்தைக் கேட்டு அப்பா அந்த நிமிடத்தில் உண்டாக்கிய பெயர். கூட்டம் காது கொடுத்துக் கேட்டது. இன்னொரு முறை பாடச் சொல்லிச் சீட்டு வந்தது. அன்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம் பிறந்தது.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் அஞ்சலையக்கா ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோருக்கும் சொன்னார், "வெள்ளித் தண்டவாளம் சிரம்பான்ல ஓடுச்சிலா. எங்க அண்ணன் வீட்டுக்குப் போனப்ப பாத்தேன். அழுதுட்டேன்." கதையையும் சொன்னார். கதாநாயகி தூக்குச்சட்டியில் சோறு வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் நிற்கிறாள். கதாநாயகன் போகும் சரக்கு ரயில் நிற்காமலே போய்விடுகிறது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த மாமா கையில் கிரீஸோடு நின்று முழுக் கதையையும் கேட்டார். "அப்புறம் என்ன ஆச்சிக்கா?" என்று கேட்டு அவரை மறுபடி அழ வைத்தார். அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வாரமே "தூக்குச்சட்டி ஆறிப் போச்சு" என்ற பாட்டைக் கட்டினார். உங்களில் எத்தனை பேர் அந்தப் பாட்டுக்குக் கண்ணைத் துடைத்திருப்பீர்கள்! அஞ்சலையக்கா பார்க்காத படத்துக்காகத்தான் அழுதீர்கள்.

அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு கேசட் வந்திருக்க வேண்டியது. சிரம்பானில் கேசட் பதிவு செய்யும் கடைக்கு அப்பாவும் அவரும் போனபோது, அம்மாவின் மருந்து வாங்க நானும் போயிருந்தேன். கடைக்கார பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "தம்பி, குரல் அருமை. இந்த வெள்ளித் தண்டவாளம் பாட்டு எங்க ஏரியாவுல கூட பாடுறாங்க. ஆனா ஒரிஜினல் இன்னும் வரலியே. ஒரிஜினல் வந்துட்டா ஒங்களுத யாரு வாங்குவா? பொறுங்க, ஒரிஜினல் வரட்டும்" என்றார்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரில் இருந்த நடிகர்களின் படங்களைப் பார்த்தார். திரும்பி வரும் பஸ்ஸில் இடம் இருந்தும் மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரந்தாவ் நெருங்கும்போது என்னைப் பார்த்து, "வாசுகி, ஒலகத்துலயே தன் பாட்டோட ஒரிஜினலுக்குக் காத்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டுகள் அவருடையவை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன் பிறகு அவர் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. டிரம்ஸ்காரரை மாற்றினார், பகாவ் பக்கம் வேறு குழுவோடு பாடினார், சண்டை போட்டுத் திரும்பி வந்தார். மெட்டுகளை மேடையிலேயே மாற்றுவார். "படத்துல இப்படி இல்லியே" என்று கீழேயிருந்து குரல் வரும். அப்போது அவர் முகம் போகும் போக்கை மேடைக்குப் பின்னால் இருந்த நான் மட்டும்தான் பார்த்தேன்.

கடைசித் தீபாவளிக்கு முன், எங்கள் மைக் செட் கொட்டகையில் அவர் அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"சிங்காரம், ஒரே ஒரு தடவ. 'பாட்டு, தங்கையா'ன்னு சொல்லு. போதும்."

"இத்தன வருஷம் ஊர ஏமாத்துனோம்னு ஆயிடும்டா. நாளைக்கு எவன் எனக்கு மைக் செட்டு வேல குடுப்பான்? ஒன்னையத்தான் எவன் கூப்புடுவான்?"

"கூப்புடாட்டிப் போறான். ஒன் பொண்ணுக்கு நீ அப்பன்னு ஊருக்குத் தெரியுமில்ல? என் பாட்டுக்கு மட்டும் அப்பன் பேரு வேணாமா?"

அப்பா ஒயரைச் சுருட்டினார்.

துக்க வீட்டிலும் அப்பாதான் ஒலிபெருக்கி கட்டினார். அழுது அழுது அவர் குரல் போயிருந்தது. ஆனாலும் மைக்கைப் பிடித்து, "நம் தோட்டத்தின் புகழ் பெற்ற திரைப்பாடல் பாடகர்" என்று ஆரம்பித்தார். சவப்பெட்டி ஓரத்தில் இருந்த மாமாவின் மனைவி லெட்சுமி அத்தை தலையைத் தூக்கி, "அண்ணே, இன்னிக்காவது" என்றார். அப்பா மைக்கை அணைத்துவிட்டு வெளியே போனார். அத்தை எதைக் கேட்டார் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

அன்று மாலை நான் அப்பாவிடம், "நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்ப்பா" என்றேன். அப்பா என்னை அடித்ததில்லை, அன்றும் அடிக்கவில்லை. "வாயத் தொறந்த, பள்ளிக்கூடம் நின்னுரும். ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லி செக்ரோல்ல ஒன் பேரப் போட்டுருவேன்" என்றார். தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவில் ஒருமுறை பேர் ஏறினால் என்ன ஆகும் என்று என் வகுப்பில் பாதியில் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருஷம் எனக்குப் பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை. அப்பா சொன்னால் செய்வார். இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதீர்கள். அவர் அன்று ஒரு பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டுகள் பெடாஸ் பந்தலோடு செத்திருக்கும். அவர் சொன்னதால்தான் நீங்கள் கேட்டீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் படத்தின் பெயரைச் சொல்லி அவற்றைப் பாடினால், பிறகு திருத்த யாரும் இருக்க மாட்டார்கள். சரக்கு ரயில், தூக்குச்சட்டி, செம்மண் ரோடு, ஏழாம் மைல் மழை இவை எல்லாம் தங்கையா எழுதி, தங்கையா மெட்டுப் போட்டவை. மண்டபத்தில் யாராவது "எந்தப் படம்?" என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

நாளை பள்ளிக்குப் போகும் வழியில் இதைப் பத்திரிகைக்குத் தபாலில் போடுவேன். பெயர் போடாமல் அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். இன்னொருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு என் பெயரை ஒளித்தால் நன்றாக இராது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஒரு பாட்டு. போன மாதம் கொட்டகையில் ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்க அவர் பாடியது. உள்ளே நான் மட்டும் இருந்தேன்.

பால்மரத்த வெட்டிப்புட்டு
செம்பனைய நட்டு வச்சான்

என்று ஆரம்பித்து, மூன்றாவது வரியில் சொல் கிடைக்காமல் விசிலடித்தார். நாலாவது வரி, "நெழலு மட்டும் வீடு திரும்பல." வெளியிலிருந்து அப்பா கேட்டார், "இதுக்கு என்ன படம்டா போடலாம்?" மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "இதுக்கு வேணாம், சிங்காரம்" என்றார்.

அந்த மூன்றாவது வரியை நான் எழுதி நிரப்ப மாட்டேன். பாடும்போது அந்த இடத்தில் விசிலடிப்பேன். எனக்கு விசிலடிக்க வரும். அதுவும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சிங்காரம் மகள் வாசுகி,
ரந்தாவ்