பொட்டு வைத்த தட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பகலெல்லாம் இரும்பு கடையும் லேத் ஓட்டிவிட்டு, சாயங்காலம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவனுக்குக் காது எந்த லட்சணத்தில் இருக்கும்? என் காது அந்த லட்சணத்தில்தான் இருந்தது. வீட்டில் நான் சாதாரணமாகத் தண்ணீர் கேட்டால் எங்கள் மேனாம்பேட்டில் அடுத்த தெருக்காரர்கள் சொம்போடு வந்து நிற்பார்கள். அதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. மேடையில் கைத்தட்டல் வந்தால் அது என் அடிக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பாட்டு ஒருவழியாக முடிந்ததே என்று தட்டியிருக்கலாம். அதை எனக்குச் சொல்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

எங்கள் குழுவில் பாடிய பெண் அண்ணனூரிலிருந்து வருவாள். அப்பா ரயில் ஷெட்டில் ஃபிட்டர். நாலு வருஷமாக எங்களோடு பாடிக்கொண்டிருந்தாள். நான் அடிக்கிற அடி அவள் மைக்குக்குள்ளேயே புகுந்துகொள்ளும். தன் குரல் தனக்கே கேட்காமல் அவள் கத்துவாள். அவள் கத்துகிறாளே என்று நான் இன்னும் ஓங்கி அடிப்பேன். கடைசியில் ஒருநாள் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. தொண்டைக்குள் முடிச்சு விழ ஆரம்பித்திருக்கிறது, ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வானொலி நிலையத்திலிருந்து குரல் தேர்வுக்குக் கடிதம் வந்திருந்தது. அவள் இரண்டு வருஷமாகக் காத்திருந்த கடிதம். டாக்டர் சொன்ன ஒரு மாதம் முடிகிற அன்றைக்கு எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக் கச்சேரி, அதற்கு மூன்று நாள் கழித்துத் தேர்வு.

"அதுல பாடிப் பாக்குறேண்ணே. தொண்ட கட்டிச்சினா ரேடியோ ஸ்டேஷன் பக்கமே போவ மாட்டேன்" என்று குழுத் தலைவரிடம் ரகசியக் குரலில் சொல்லியிருக்கிறாள்.

கீபோர்டு வாசிக்கிற எங்கள் தலைவர் நேராக என்னிடம் வந்தார். "மாமே, கொஞ்சம் மெதுவாத்தான் அடியேன்."

"டிரம்ஸுனா அடிக்கணும். தடவிக் குடுக்க அது இன்னா பூனக்குட்டியா?" என்றேன். என்ன திமிர்! இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

தலைவர் வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்துகொண்டு வேறு வழிக்குப் போனார். பாட்டுப் பதிவு செய்யும் இடங்களில் டிரம்ஸ்காரனைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைப்பார்களாம். என்னையும் அப்படி அடைத்துவிடலாம் என்றார். மெதுவாக அடிக்கச் சொல்லாத வரை எனக்குச் சரிதான். கண்ணாடிக்கு எங்கே போவது? எங்கள் கம்பெனியில் இரும்புச் சுருள் முகத்தில் தெறிக்காமல் இருக்க லேத்துக்கு முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் கண்ணாடித் தட்டிகளில் பழையவை மூன்று கிடந்தன. ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கிக் கீல் வைத்து இணைத்தேன். பின்பக்கம் சத்தத்தைக் குடிக்க ஒரு தேங்காய் நார் மெத்தை. நடுத் தட்டியில் சிவப்புப் பெயின்டில் 'இயந்திரம் ஓடும்போது கையை நீட்டாதே' என்று எழுதியிருந்தது. எவ்வளவு சுரண்டியும் போகவில்லை.

பூந்தமல்லியில் ஒரு கல்யாண வரவேற்பில் அதை முதன்முதலாக நிறுத்தினோம். மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டுக் கூட்டம் என்னைத்தான் பார்த்தது.

"யம்மா, அந்த மாமாவ இன்னாத்துக்குப் பொட்டில போட்டு வச்சிக்கிறாங்க?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"கிட்ட போவாத. எழுதிக்கீது பாரு" என்றாள் அம்மாக்காரி.

இன்னொன்றும் நடந்தது. முன்னால் போக வழியில்லாமல் சத்தம் முழுக்கத் திரும்பி என் மேலேயே விழுந்தது. நான் அடித்த அடியை நானே முதன்முறையாக வாங்கினேன். இரண்டு நாள் காதுக்குள் விசில். இருந்தும் புத்தி வந்ததா? 'தட்டிதான் இருக்கிறதே, இனி எவ்வளவு வேண்டுமானாலும் வெளுக்கலாம்' என்றுதான் தோன்றியது. அன்றைக்குப் பாடாமல் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட எங்கள் பாட்டுக்காரப் பெண், தட்டி இருந்தால் பாடுவேன் என்று சைகையிலேயே சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு கீல் ஆடியது. கம்பெனியில் சரிசெய்துகொள்ளலாம் என்று எடுத்துப் போய், சரிசெய்து, என் லேத்தின் மேலேயே சாத்தி வைத்தேன். மறுநாள் காலை எல்லோரும் ஸ்பேனர், சுத்தியல் என்று பூஜையில் வைத்தபோது, நானும் ஒரு பெரிய கலைஞன் என்ற நினைப்பில் என்னிடமிருந்த ஒரே ஜோடி டிரம்ஸ் குச்சியைக் கொண்டுபோய் வைத்தேன். கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி வாங்கித் தின்றேன். மத்தியானம் தட்டியை எடுக்கப் போனால், மூன்று தட்டியிலும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், மேலே சாமந்தி மாலை.

"எடுக்காத! பூச போட்டத நாளைக்குத்தான் எடுக்கணும்" என்று ஃபோர்மேன் குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணாத்தே, அது மிஷின் இல்ல, கச்சேரித் தட்டி."

"மிஷினோட சாத்தி வச்சது யாரு, நீதான? பொட்டு வச்சாச்சு, இனிமே அது சாமி. அந்தக் குச்சியும்தான். தொட்டே, வருஷம் பூரா வேல வெளங்காது."

வேறு குச்சி வாங்கலாம் என்றால் வெளியே கடையெல்லாம் சாத்தியிருந்தது. கம்பெனிக்குள் பொட்டு வைக்காமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மூலையில் நின்ற புது விளக்குமாறு. அதைப் பிரித்து, ஈர்க்குச்சிகளை இரண்டு கத்தையாக நூலால் கட்டினேன். விளக்குமாற்றால் அடி வாங்கிய அனுபவம் உண்டு. அதால் அடிக்கப்போவது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் மேடையில் தட்டி இல்லாததைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. விஷயத்தைச் சொன்னேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அந்தத் தொண்டையைக் கெடுத்தவன் நான். மிச்சமிருந்த ஒரு வாய்ப்பையும் சாமிக்குப் படைத்துவிட்டு வந்து நிற்கிறவனும் நான்.

விளக்குமாற்றுக் கத்தையைத் தூக்கிக் காட்டினேன். "ஒரே ஒரு பாட்டு பாடும்மா. என் சத்தம் உன் காதுல வுழுந்துச்சினா, பாதியிலயே எறங்கிப் போயிடு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

அவள் விளக்குமாற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்தாள்.

தோளில் கிடந்த துண்டை டிரம் மேல் விரித்து, அதன் மேல் ஈர்க்குச்சியால் கூட்டுவது போல் வாசித்தேன். ஸ்ஸ்க், ஸ்ஸ்க் என்றுதான் கேட்டது. அதற்கு மேலே அவள் குரல் வந்தது. கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுதான். வரியின் கடைசி எழுத்தைச் சட்டென்று விடாமல், தூங்குகிற குழந்தையைப் பாயில் விடுவது போல மெல்ல இறக்கி வைக்கிறாள். நாலு வருஷம் இவளுக்கு நாலடி பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இப்படிப் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. சாம்பிராணிப் புகை என்று பக்கத்திலிருந்த கிட்டார்காரனிடம் சொன்னேன்.

ஆறு பாட்டு பாடினாள். இறங்கி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "தொண்ட கட்டலண்ணே. ரேடியோ ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றாள். போனாள், தேர்வும் ஆனாள்.

நான் டிரம்ஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து லேத்காரன் பொரியை மென்றபடி வந்தான். "பாட்டு சூப்பரு மாமே. ஆனா இன்னா, டிரம்ஸே காணோம்? நீ இன்னிக்கு வாசிக்கலியா?"

வேறொரு நாளாயிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

"இல்ல மாமே. இன்னிக்குக் கச்சேரி கேக்க வந்தேன்" என்றேன்.