கருணைக் கொலை மனுவும் அச்சடித்த சீட்டும்

1. உரிய நடவடிக்கை

திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989-இல் இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். மனு வாங்கும் பிரிவில் உட்கார்ந்தவள், ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அரசு அலுவலகங்கள் நிறைந்த வேங்கிக்காலில் எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவள் நான்.

திங்கட்கிழமைதோறும் மக்கள் மனு கொடுப்பார்கள். நம்பர் போட்டு, அச்சடித்த ஒரு சீட்டைப் பின் குத்தி, சம்பந்தப்பட்ட ஊருக்கோ துறைக்கோ அனுப்ப வேண்டியது என் வேலை. "இம்மனுவின் மீது உரிய நடவடிக்கை எடுத்து, அதன் விவரத்தை மனுதாரருக்குத் தெரிவித்து, பதினைந்து நாட்களுக்குள் அறிக்கை அனுப்பவும்" என்று சீட்டில் இருக்கும். மனுதாரருக்கும் ஒரு நகல் போகும். பட்டா, பம்பு செட், மாமியார் கொடுமை, எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டுதான். ஒரு கட்டத்தில் மனுவைப் படிப்பதையே விட்டுவிட்டேன். ஊர் பெயரைப் பார்ப்பேன், குத்துவேன். இந்த வேகத்துக்கு என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கர்வம் வேறு.

2000-க்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு மனுவையும் அப்படித்தான் குத்தி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர் மணி என் மேஜை முன்னால் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், உரிய நடவடிக்கை எடுக்கச் சொல்லி அனுப்பிட்டீங்க. நான் இன்னா மேடம் எடுக்கறது?"

அப்போதுதான் மனுவைப் படித்தேன். எழுதியவர் ஏழுமலை, நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். எலும்பில் புற்றுநோய், இனிமேல் வைத்தியம் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆகவே தான் சுயநினைவோடும், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமலும் கேட்டுக்கொள்வது யாதெனில், தன்னைக் கருணைக் கொலை செய்யச் சட்டப்படி அனுமதி தர வேண்டும். பத்திர நடையில் ஒரு பிழை கிடையாது.

மணி விசாரணைக்குப் போவதற்குள் என் சீட்டின் நகல் ஏழுமலை கைக்குப் போய்விட்டிருக்கிறது. மணி போனபோது அவர் குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "வாங்க, நீங்கதானா அது? ஆபீசு இவ்ளோ சுருக்கா வேலை செய்யும்னு நெனைக்கல" என்றாராம். மணி காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஆனாலும் கடமை தவறாதவர், அறிக்கை ஒன்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். "இது எனது அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல" என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அந்த வரியோடு நிறுத்தி ஃபைலில் சேர்த்தேன்.

2. இல்லை என்று சொல்லுங்கள்

எங்கள் சூப்பிரண்டு தட்சிணாமூர்த்தி சார் ஒரு மனுவைக்கூட நிராகரித்தவர் இல்லை. நிராகரித்தால் அப்பீல் வரும், பத்திரிகையில் வரும். வேறு துறைக்கு அனுப்பிவிட்டால் ஒன்றும் வராது. மருத்துவத் துறைக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். உயிரைக் காப்பாற்றுவது மட்டுமே தங்கள் பணி, காவல் துறையைக் கேட்கலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. காவல் துறையைக் கேட்டேன். சம்பவம் நடந்த பிறகு தெரிவித்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றார்கள்.

ஒவ்வொரு தடவையும் நகல் ஏழுமலைக்குப் போனது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கைத்தடியை ஊன்றி, வலியில் உதட்டைக் கடித்தபடி என் மேஜைக்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். பௌர்ணமியும் திங்களும் சேர்ந்து வந்த அன்று, கிரிவலக் கூட்டத்தில் மாட்டி மத்தியானம்தான் வந்தார்.

"மேடம், நீங்க அனுமதி தரமாட்டீங்கனு எனக்குத் தெரியும். சட்டம் இல்ல. சட்டம் இல்லாததால முடியாதுனு ஒரு வரி எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க. அந்த உத்தரவு இருந்தாதான் நான் டில்லிக்கு மேல்முறையீடு பண்ண முடியும். சட்டம் போடறவங்க படிக்கட்டும். எனக்கு நாள் கம்மி."

அவர் கேட்டது அவ்வளவுதான். சாவைக்கூட இல்லை, 'முடியாது' என்று ஒரு காகிதம். அதைக் கொடுக்கத்தான் எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

3. கேன்டீன் விவாதம்

இதற்குள் ஒரு நிருபர் விஷயத்தை மோப்பம் பிடித்துச் செய்தி போட்டுவிட்டார். ஊரே இரண்டு கட்சியானது. டீக்கடையில், பஸ்ஸில், எங்கள் கேன்டீனில், கருணைக் கொலைக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதே பேச்சு. டைப்பிஸ்ட் வேண்டும் என்றார், டிரைவர் வேண்டாம் என்றார். வடை தீர்ந்ததும் இரண்டு பேரும் கட்சி மாறி உட்கார்ந்தார்கள். நான் வாரத்துக்கு ஒரு பக்கம் பேசினேன்.

ஒரு திங்களன்று சூப்பிரண்டு சார், ஏழுமலையைப் பேசியே சமாளித்துவிடலாம் என்று தன் அறைக்குக் கூப்பிட்டார். ஃபைலோடு நானும் போனேன்.

"பெரியவரே, அண்ணாமலையாரை நெனைச்சாலே முக்தி கெடைக்கிற ஊரு. இதுக்குப் போய் மனு குடுப்பாங்களா?"

"நெனைச்சுப் பாத்துட்டுத்தான் சார் இங்க வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாருக்கு வரவில்லை. சட்டம் வந்தால் நிலத்துக்கு ஆசைப்பட்டு பிள்ளைகளே பெற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்றார். ஏழுமலை விடவில்லை. அரை ஏக்கர் விற்கவே இரண்டு சாட்சி வேண்டியிருக்கிறது, இதற்கு இரண்டு டாக்டர், இரண்டு சாட்சி, யோசிக்க அவகாசம், எந்த நிமிஷமும் ரத்து செய்யலாம் என்று ஒரு ஷரத்து போட்டால் ஆயிற்று, நானே எழுதித் தருகிறேன் என்றார்.

சார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"எங்கம்மா நாலு வருஷமா படுக்கைல கெடக்கறாங்க. நான்தான் எல்லாம் பாக்கறேன். சட்டம் வந்துச்சுனா, எனக்குப் பாரமா இருக்கோம்னு வெக்கப்பட்டே கேட்டுடுவாங்க. அவங்களா கேட்டாங்களா, என் மூஞ்சியப் பாத்து கேட்டாங்களானு எந்த சாட்சிக்குங்க தெரியும்?"

நாற்பது வருடம் ஷரத்து எழுதிய மனிதர் முதல் தடவையாகத் தடுமாறியதைப் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "இது நல்ல ஆட்சேபணை சார். இதையும் உத்தரவுல எழுதுங்க. நான் பதில் எழுதறேன்."

4. பின்பக்கம்

அன்றே 'முடியாது' என்று டிராப்ட் எழுதச் சொன்னார் சார். ஃபைலை முதலிலிருந்து புரட்டினேன். மணியின் அறிக்கையைத் திருப்பினால், பின்பக்கத்திலும் எழுத்து. ஏழுமலையின் மருமகள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: "மனுதாரருக்கு வலி ஜாஸ்தி. உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. வலிக்கான மாத்திரை இங்கே எங்கேயும் கிடைப்பதில்லை. யாரும் எழுதியும் தருவதில்லை."

மூன்று மாதமாக அந்தக் காகிதம் என் பீரோவில் கிடந்தது. மூன்று இடத்துக்குச் சீட்டுக் குத்தினேன், ஒரு காகிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. உரிய நடவடிக்கை எடுக்க முடிந்த ஒரே வரி அதுதான். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

டிராப்டையும் அந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய அதிகாரியிடம் போனேன். அவர் இரண்டையும் படித்தார், உத்தரவில் கையெழுத்துப் போட்டார், போனை எடுத்தார். அந்த வாரமே வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் ஏழுமலையைச் சேர்த்தார்கள்.

அடுத்த மாதம் உத்தரவை வாங்கிக்கொள்ள வந்தார். என் மேஜைக்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆகவில்லை, ஐந்தே நிமிடம்.

"உக்காந்து சோறு துன்றேன் மேடம். மாத்திரைக்கு வலி கேக்குது. ஆனா மனு வாபஸ் இல்ல. மாத்திரைக்கும் வலி கேக்காத ஆளுங்க இருக்காங்க இல்ல?"

சாரின் ஆட்சேபணைக்கு நாலு பக்கம் பதில் எழுதி, மேல்முறையீட்டை டில்லியில் ஒரு பெரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒரு நகல் சாருக்கு. 'அன்புள்ள எதிர்க்கட்சிக்கு' என்று மேலே எழுதியிருந்தது.

5. நிலுவை

பொங்கல் கழிந்து ஏழுமலை காலமானார். மருமகள் மடியில் தலை வைத்தபடி, வலி இல்லாமல் போனார் என்று மணி வந்து சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து டில்லியிலிருந்து தபால் வந்தது. ஏழுமலையின் மேல்முறையீடு அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது. மேலே அச்சடித்த ஒரு சீட்டு: உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது, விவரத்தை மனுதாரருக்குத் தெரிவிக்கவும். என்னைப் போல ஒருத்தி அங்கேயும் உட்கார்ந்திருக்கிறாள். சிரித்தேன், சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

மனுதாரர் இறந்துவிட்டால் மனுவை முடித்துவிடுவது வழக்கம். பதிவேட்டில் 'முடிக்கப்பட்டது' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். சூப்பிரண்டு சார் தடுத்தார்.

"முடிஞ்சுதுனு எழுதாதீங்கமா. அவர் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. நானும்தான்."

'மனுதாரர் காலமானார். மனு நிலுவையில் உள்ளது' என்று எழுதினேன்.

ஓய்வு பெற்ற அன்று பொறுப்பை ஒப்படைக்கும்போது, எனக்கு அடுத்து வந்த அம்மா பதிவேட்டைப் பார்த்துவிட்டு, இத்தனை வருடத்தில் இது ஒன்று மட்டும் ஏன் நிலுவையில் நிற்கிறது என்று கேட்டார். ஃபைலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"படிச்சுப் பாருங்க. பின்பக்கமும்."