ஜன்னல் வைத்த லாஞ்சி

போன வாரம் செங்கல்பட்டு கடைத்தெருவில் என் மகனுக்குச் செருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டு ஜோடிகளை எடுத்துப் போட்டார். ஒன்று காலுக்குச் சரியாக இருந்தது. இன்னொன்று ஒரு விரல் அளவு பெரியது, அடுத்த வருஷமும் ஆகும் என்றார். நான் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிக் கழற்றியதில் பையன் அழத் தொடங்கிவிட்டான். கடைசியில் பெரியதை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சிறியதையே வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது. இன்னமும் தோன்றிக்கொண்டிருக்கிறது.

இந்தக் குணம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் அந்த இரண்டு போட்டுகளும் நினைவுக்கு வந்தன.

அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த கோட்டைக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தபடி எங்கள் குப்பம் இருந்தது. நைனா கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தார். கட்டுமரக்காரர்களுக்கு மோட்டார் வைத்த போட்டு வாங்க அரசாங்கம் கடன் கொடுக்கத் தொடங்கிய காலம் அது. நைனாவும் அம்மாவின் தம்பியான என் மாமாவும் கூட்டாக எழுதிப் போட்டார்கள். கிடைத்துவிட்டது. எந்தப் போட்டை வாங்குவது என்பதுதான் மீதி.

போட்டு கட்டுகிறவர்கள் மெட்ராஸிலிருந்து இரண்டைக் கொண்டுவந்து எங்கள் கரைக்கு நேரே காட்டினார்கள். குப்பமே மணலில் கூடி நின்றது. சிறியது அலையில் எகிறிக் குதித்துக் கரைக்கே வந்துவிட்டது. அதற்குக் கூரை கிடையாது. நடுவில் ஒரு பெட்டியும் பெட்டிக்குள் எஞ்சினும், அவ்வளவுதான். உருட்டுக்கட்டைகளைப் போட்டு ஆண்கள் எல்லாரும் தோள் கொடுத்தால் மணல் மேல் ஏற்றி நிறுத்திவிடலாம். பெரியது அலைக்கு அப்பாலேயே நின்றது. லாஞ்சி என்றார்கள். அது கரைக்கு வராது. வந்தால் திரும்பப் போகாது. மெட்ராஸ் துறைமுகத்தில்தான் கட்டி வைக்க வேண்டும். அதை வாங்குகிறவர்களும் அங்கேயேதான் கிடக்க வேண்டும்.

இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த லாஞ்சியில் ஓர் அறை இருந்தது என்பது மட்டுந்தான்.

நைனா என்னையும் கட்டுமரத்தில் உட்காரவைத்து லாஞ்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறைக்குக் கதவு இருந்தது. உள்ளே சக்கரம், ஒரு பலகை, மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஓர் இடம், அப்புறம் கண்ணாடி போட்ட ஜன்னல். எங்கள் வீட்டில் ஜன்னலே கிடையாது. நான் எக்கிப் பார்த்தேன். கோட்டைச் சுவர் தெரிந்தது. எங்கள் கூரை தெரிந்தது. கூரைக்குப் பக்கத்தில் அம்மா காயப்போட்டிருந்த பச்சைப் புடவைகூடத் தெரிந்தது. மாமா எஞ்சின்காரரோடு பின்பக்கம் போய்விட்டார். நைனா மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான் அதற்குள் குடும்பத்தையே குடிவைத்துவிட்டேன். பலகையில் நைனா, அடுப்புக்குப் பக்கத்தில் அம்மா, ஜன்னலோரம் நான். தம்பி கைக்குழந்தை. அவனுக்குத் தூளி கட்ட மேலே ஒரு கொக்கிகூட இருந்தது. இந்த ஏற்பாட்டை நைனாவிடம் சொன்னேன். அவர் திரும்பாமலே, “உங்கம்மாவக் கேளு” என்றார்.

போய்க் கேட்டேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏற்பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

“உங்க நைனாவுக்கு அந்த ரூம்பு புடிச்சிதா?”

“ரொம்ப நேரம் உள்ளயே நின்னுகினு இருந்துச்சிம்மா. கூப்ட்டாக்கூட வரல.”

அம்மா அடுத்த மீனை எடுத்துக்கொண்டாள்.

மாமாவுக்கு லாஞ்சிமேல் பைத்தியம். சாயங்காலமெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டு நைனாவை அரித்தார். “அந்தச் சின்ன போட்ட எட்த்துகினு போயி இன்னா மச்சான் புடிப்ப, நெத்திலியா?” என்பார். உள்ளேயிருந்து அம்மா, “நெத்திலி தின்னுதாண்டா இந்த ஒடம்பு வளந்துது” என்பாள். மாமா சிரித்துக்கொண்டே, “சரிக்கா, நீயே சொல்லு, எத வாங்கலாம்?” என்று கேட்பார். உடனே அம்மாவின் குரல் மாறிவிடும். “ஆம்பளைங்க பாத்து செய்ங்க” என்பாள். நைனா வலையின் கிழிசலைத் தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொள்வார்.

அடுத்த வீட்டு அக்காவின் புருஷன் ஏற்கெனவே ஒரு லாஞ்சியில் வேலைக்குப் போய் மெட்ராஸிலேயே இருந்தார். பொங்கலுக்கு வந்தார். அவர் கை நீட்டியபோது அவருடைய குழந்தை வீறிட்டு அழுது எங்கள் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரித்தாளா என்று எனக்கு நினைவில்லை.

போட்டுக்காரர்கள் பதில் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். ஒரு காலையில் நைனா, “ஆத்தாவையே கேட்டுடலாம்” என்றார். எங்கள் குப்பத்தில் அதுதான் வழக்கம். மனிதர்களால் முடிவு செய்ய முடியாததைக் கங்கையம்மனிடம் விட்டுவிடுவார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டும் ஒரே அளவு. வீட்டுக்காரி தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு, யாரும் பார்க்காமல் இரண்டையும் தனித்தனி இலையில் மடித்து வாழைநாரால் கட்டுவாள். அம்மன் காலடியில் போட்டுக் குலுக்குவார்கள். வயதுக்கு வராத ஒரு பெண் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சிறிய போட்டு, சிவப்பு வந்தால் லாஞ்சி.

எடுக்கப்போகிற பிள்ளை நான்தான்.

இரண்டு நாளாக நான் அம்மனோடு தனியாகப் பேச்சு வைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பைக் கொடுத்தால் எனக்குப் பதிலாக உனக்கே ஜன்னலோரம் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கோயிலில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கைக்கு முதலில் பட்டதை எடுத்தேன். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மன் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச முடியாது. “செரி மச்சான், ஆத்தாளுக்கே நெத்திலிதான் புடிக்குது போல” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். நான் அழுதேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிரிக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே கடலில் விட வேண்டும் என்பதும் வழக்கம். அதை என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கோ, கிடைக்காமல் போன அந்தச் சிவப்புப் பூவை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அலையில் காலை நனைத்துக்கொண்டு நின்று நாரைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

அதிலும் வெள்ளைதான் இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பினால் பின்னால் நைனா நிற்கிறார். என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். திட்டப்போகிறார் என்று பயந்து பூவை நீட்டினேன். அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு குப்பத்துப் பக்கம் பார்த்தார். தோள் குலுங்கியது. நைனா சத்தமில்லாமல் சிரிப்பதை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

“ஆத்தா ரெண்டு தபா சொல்லிக்கீறா” என்றார். “மாமா கைல சொல்லாத.”

கடலில் போடவேண்டிய பூவை அவர் கடலில் போடவில்லை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தி, அம்மியின் விளிம்பில் பூவை வைத்தார். அம்மாவின் கை நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அடி விழும் என்று எதிர்பார்க்கிறவளைப்போல அவள் முகம் வெளுத்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நைனா அவளை அடித்ததே கிடையாது.

“இன்னிக்கி கொழம்பு இன்னா?” என்று கேட்டார் நைனா.

“நெத்திலி” என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேச்சு. அவர் எழுந்து உருட்டுக்கட்டை தேடப் போய்விட்டார். அம்மா மிளகாய்க் கையைப் புறங்கையாகத் திருப்பி, இரண்டு விரல் நுனியால் அந்தப் பூவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள். அரளியை யாராவது தலையில் வைப்பார்களா? நான் அதையும் கேட்டேன். போய்ப் பாடம் படி என்றாள்.

சிறிய போட்டு வந்தது. நைனா இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தார். எனக்கு வாய்ப்பாடு கேட்டார். தப்பாகச் சொன்னாலும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டார். அடுத்த வருஷமே மாமா வேறு ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து அதே மாதிரி ஒரு லாஞ்சி வாங்கி மெட்ராஸ் போனார். நன்றாகவே சம்பாதித்தார். மாடி வைத்து வீடு கட்டினார். அவர் வந்துபோகும் நாட்களில் அம்மா ஒரு மாதிரி இருப்பாள். எங்கள் கூரையைப் பார்ப்பாள், என் சட்டையைப் பார்ப்பாள். நான் காலேஜில் சேர்ந்து, ஃபீஸ் கட்ட நைனா அலைந்துகொண்டிருந்தபோது ஒருநாள் என்னிடம் கேட்டாள்: “நான் அன்னிக்கி பண்ணது தப்பாடி? உங்க நைனா ஆசப்பட்டத நான் கெடுத்துட்டனா?”

இல்லைம்மா என்றேன். அம்மாக்களிடம் வேறென்ன சொல்வது? அவளும் நம்பவில்லை. கடைசிவரை அவள் மனத்தில் அந்த லாஞ்சி அலைக்கு அப்பால் நின்றுகொண்டேதான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது என் கணவர் வடக்கே மாற்றல் வரலாம், தனியாகப் போய் வரட்டுமா என்று கேட்டால், படித்தவளான நானும் “உங்கள் இஷ்டம்” என்கிறேன். அப்புறம் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை நகர்த்துகிறேன். கட்டுவதற்கு என்னிடம் பூகூட இல்லை.

செருப்பைப் பற்றி யோசித்து யோசித்து அலுத்த அன்றைக்குத்தான் அந்த அறை மறுபடி கண்முன் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நைனா நின்றது உண்மை. கூப்பிட்டும் வராதது உண்மை. அம்மா கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று அவள் கேட்கவில்லை. பச்சைப் புடவை தெரிந்தது என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கும் அப்போது தெரியவில்லை.