ஐந்தடி எட்டு என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம். ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தேன். அன்று எடுக்காமலே விட்டிருக்கலாம்.

பேசியவர் ஒரு ஆங்கிலப் பெண்மணி. பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்பவர். என் மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அங்கே அவள்தான் அணித் தலைவி. படிப்பு முடிந்த கையோடு சம்பளத்துக்கு விளையாடும் ஒரு அணியில் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு எல்லாமே. விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பனியோ மழையோ, பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எங்கள் சொந்தக்காரருக்கு இதெல்லாம் விளங்காது. "பிள்ளை இன்னும் அந்த வலைப்பந்து விளையாடுறாவோ?" என்று கேட்பார்கள். திருத்தித் திருத்தி நானே களைத்துப் போனேன்.

பல்கலைக்கழகப் பயிற்றுநர்தான் அவளுடைய பெயரை அந்த அணியின் தேர்வுக்குக் கொடுத்திருந்தார். மகள் பரீட்சை மண்டபத்தில் இருந்ததால் போனை நிறுத்தி வைத்திருக்கிறாள். அதனால் படிவத்தில் இரண்டாவதாக இருந்த என் இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார்கள். சில விபரங்கள் வேண்டுமாம். பிறந்த திகதி கேட்டார், சொன்னேன். நோய், வருத்தம் ஏதும் உண்டா என்றார், இல்லை என்றேன். உயரம் என்ன என்றார். "ஐந்தடி எட்டு" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

என் மகள் ஆறடி ஒரு அங்குலம்.

நான் பொய்க்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை வருடமாக அவளுடைய சாதகக் குறிப்பை வைத்துக்கொண்டு கலியாணம் பேசிக்கொண்டிருந்தேன். வெம்பிளி, எட்மண்டன், கனடா என்று எங்கே பேசினாலும் முதல் கேள்வி படிப்பு, அடுத்தது உயரம். உள்ளதைச் சொன்ன இடத்திலெல்லாம், "அப்ப நாங்கள் யோசிச்சுப்போட்டு எடுக்கிறம் அக்கா" என்று வைத்துவிடுவார்கள். ஒருவரும் திருப்பி எடுத்ததில்லை. முதலில் ஆறடி என்று ஒரு அங்குலத்தைக் குறைத்தேன். பிறகு ஐந்தடி பத்து. கடைசியில் எட்டில் வந்து நின்றேன். நேரில் வந்து பார்த்தால் என்ன செய்வாய் என்று அவளுடைய அப்பா சிரிப்பார். "அதை அப்ப பாப்பம்" என்பேன். கலியாணம் பேசுவது மகளுக்குத் தெரியும். உயரத்தை வெட்டுவது மட்டும் தெரியாது.

ஒரு கிழமை கழித்து அந்த அணியிடமிருந்து அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. கூடைக்குப் பக்கத்தில் நின்று விளையாட ஆறடிக்கு மேற்பட்ட ஒருவரைத்தான் தேடுகிறார்களாம், அதனால் இம்முறை அவளை அழைக்க முடியவில்லையாம். அவளுக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. பயிற்றுநருக்கு எடுத்தாள். அவர் அங்கே விசாரித்துவிட்டுத் திரும்ப எடுத்தார். மகள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அஞ்சடி எட்டு எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான் பிள்ளை" என்று தொடங்கி, கலியாணப் பேச்சு, அங்குலக் கணக்கு, எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ நல்லது. என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிற பிள்ளை, அன்று தமிழிலேயே கேட்டாள்.

"நான் உயரமா இருக்கிறது உங்களுக்கு வெக்கமா அம்மா?"

இல்லை என்று உடனே சொல்ல வேண்டும். ஐயோ, நானோ பயிற்றுநருக்கு எடுத்துச் சரியான உயரத்தைச் சொல் என்றேன்.

பட்டியல் முடிந்துவிட்டது என்று பயிற்றுநரிடம் சொல்லிவிட்டார்கள். தேர்வு அந்தச் சனிக்கிழமை. "நீ வாறியோ இல்லையோ, நான் போய்க் கதைக்கப் போறன்" என்று வெளிக்கிட்டேன். வேண்டாம், விடுங்கோ என்றவள், கடைசி நிமிடத்தில் சப்பாத்துப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். ரயிலில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் எதிர்ப் பக்கத்தில் போய் இருந்தாள்.

விளையாட்டு மண்டப வாசலில் பட்டியலோடு நின்றவர், அன்று போனில் பேசிய அதே பெண்மணி. அந்தக் குரலை எப்படி மறப்பேன்? பிழையான உயரத்தைச் சொன்னது நான்தான் என்று என் உடைந்த ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். எங்கள் ஆட்களிடையே உயரமான பெண்ணுக்கு மாப்பிள்ளை எடுப்பது கஷ்டம் என்றேன். அந்த மண்டபத்தில் நின்று அதைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு கேவலமான நியாயம் என்று என் காதுக்கே கேட்டது. அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அளந்து பார்க்கிறேன், ஆறடிக்கு மேல் இருந்தால் எங்கள் அணியின் பயிற்றுநரிடம் கேட்கிறேன், அதற்கு மேல் என்னால் ஏலாது என்றார்.

மகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அளவுகோல் ஒட்டிய சுவரோடு நின்றாள். அவர் பலகையைத் தலையில் வைத்துப் பார்த்தார். "ஐந்தடி பதினொன்று."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதுதான் அவள் நிற்கிற விதத்தைப் பார்த்தேன். தோள் இரண்டையும் முன்னுக்குச் சுருக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, முழங்காலையும் கொஞ்சம் மடித்து நின்றாள். பந்தோடு ஓடும்போது அப்படி நிற்கிறவள் அல்ல. நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் என்று எங்கே படம் எடுத்தாலும், "கொஞ்சம் பணிஞ்சு நில் பிள்ளை" என்று அவளுடைய காதுக்குள் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். இப்போது ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாமல் உடம்பு பணிந்து நின்றது.

"நிமிர்ந்து நில் பிள்ளை" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா நிமிர்ந்து நில், அம்மா சொல்லுறன்."

மெல்ல நிமிர்ந்தாள். அந்தப் பெண்மணி பலகையை உயர்த்திக்கொண்டே போனார். ஆறடி ஒன்று.

கடைசி இருபது நிமிடம் அவளை விளையாட விட்டார்கள். நான் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் இருந்து அழுதுகொண்டிருந்ததால் பாதி ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அவர்கள் தேடிய அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. இவளை ஒரு பருவத்துக்கு மேலதிக வீராங்கனையாக எடுத்தார்கள். இன்று அதே அணியில் தொடக்கத்திலேயே இறங்கும் ஐந்து பேரில் ஒருத்தி. கலியாணப் பேச்சை அவள் கேட்கும்வரை தொடுவதில்லை என்று விட்டுவிட்டேன். யாராவது தாங்களாகவே எடுத்து விசாரித்தால், முதல் வசனமே ஆறடி ஒன்று என்றுதான் தொடங்குகிறேன்.

பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே, இத்தனை வருடமாக என் கையாலேயே அவளுடைய முதுகை வளைத்து வைத்திருந்தேனே என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும்.