பெயர் வாரியாக அல்ல, படகு வாரியாக

செய்தி வந்தபோது நான் வழக்கம்போலப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். கூலாயில் உள்ள எங்கள் சிறிய கம்பெனியில் என் வேலையே அதுதான். மெர்சிங் படகுத்துறையில் தீவுகளுக்கு டிக்கெட் விற்கும் மென்பொருள் எங்களுடையது. அது முரண்டு பிடிக்கும்போதெல்லாம் வரும் போன்களை எடுத்து, ஆளுக்கேற்ற குரலில் ஆறுதல் சொல்வது நான். அன்று காலை டிக்கெட் கவுண்டரில் இருக்கும் ரேவதியின் எண்ணைப் பார்த்ததும், அவள் வாய் திறக்கும் முன்பே, "வந்துடும்மா, வந்துடும், ரெண்டு நிமிஷம்" என்றேன்.

"அது இல்லண்ணே," என்றாள். "ஹாஜா பாய் போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

வார இறுதிக்கு மெர்சிங் வீட்டுக்குப் போனவர், விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். பிறகு எழுந்திருக்கவில்லை. கோத்தா திங்கி வழியாகக் காரை விரட்டினேன். விரட்டினேன் என்று சொல்வது மரியாதைக்கு. வழி நெடுக ஒரு செம்பனைக்குலை லாரியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். நான் சேரும்போது மண் தள்ளி முடித்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மெர்சிங்கில் இதைப் படிக்கிற உங்களில் நிறையப் பேர் அவரை அறிந்தவர்கள். உங்களுக்கு அவர் கம்ப்யூட்டர் பாய். அவரைப் பெற்ற அத்தாவுக்கோ, சாகும்வரை, "கடைக் கல்லாவுல உட்காரச் சொன்னா கம்ப்யூட்டர்ல போய் உட்கார்ந்தவன்". எனக்கு எதிர் மேசைக்காரர், என் வயதுக்காரர். என் வயதுதான் என்றாலும் தலை மட்டும் கருகருவென்று இருந்ததன் காரணம் எனக்கும் அவர் மனைவிக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். மன்னிக்கவும் பாய், இதை எழுதாவிட்டால் நான் எழுதியதென்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர் செய்த வேலை என்னவென்று எனக்கே பல காலம் தெரியாது. ஒருமுறை படகுத்துறைக் காத்திருப்புக் கூடத்தில் வைத்துச் சொன்னார். டிக்கெட் வாங்கியவர்கள் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். தியோமான் தீவுக்குப் போகிற தம்பதி ஒரு மூலையில், அதே படகுக்குக் காத்திருந்த நான்கு மாணவர்கள் எதிர் மூலையில்.

"சேகரு, கம்ப்யூட்டர்ல நம்ம டிக்கெட் விவரமெல்லாம் கிடக்கிற டேபிள் இருக்குல்ல, இந்த ஹால்தான் அதுன்னு வச்சுக்க. ஆளுங்க வந்த வரிசையில கிடைச்ச இடத்துல உட்கார்ந்திருக்காங்க. இண்டெக்ஸ்னு ஒண்ணு வச்சிருக்கோம்ல, அது என்னா பண்ணும்? இந்த போட்டு ஆளுங்க எந்தெந்த பெஞ்சுல இருக்காங்கன்னு சொல்லும்."

"அப்புறம் என்னா பாய் பிரச்சினை? அதான் சொல்லிடுதுல்ல?"

"சொல்லும்லா. வழி சொல்றது இண்டெக்ஸு, கால் வலி நமக்கு. ஒவ்வொரு பெஞ்சா நடந்து போய் ஆளைக் கூப்பிடணும்ல?"

அதனால் அவர் ஆட்களையே எழுப்பி, ஒரே படகில் போகிறவர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைப்பார். அதாவது டேபிள் முழுவதையும் இண்டெக்ஸ் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையிலேயே திரும்ப எழுதுவார். பிறகு ஒரு படகின் பயணிகள் பட்டியலைக் கேட்டால் ஒரே இடத்திலிருந்து அள்ளிக் கொடுத்துவிடும். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. எழுப்பி மாற்றுகிற நேரத்தில் கூடத்தின் கதவைச் சாத்த வேண்டும். உள்ளே யாரும் வர முடியாது, உள்ளே இருப்பவரை எட்டிப் பார்க்கவும் முடியாது. டிக்கெட் விற்பனை, பட்டியல் எல்லாமே நிற்கும். இன்னொன்று, இந்த அடுக்கு நிலைக்காது. கதவைத் திறந்ததும் புதிதாக வருகிறவர்கள் மறுபடியும் இடம் கிடைத்த பெஞ்சில்தான் உட்காருவார்கள்.

அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வடகிழக்கு மழைக்காலத்தில் தீவுப் படகுகள் நின்றுவிடும். மெர்சிங்கே ஒழுகுகிற கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நாள்களில் ஹாஜா பாய் டேபிளை அடுக்குவார். சிலர் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப்போல.

எங்கள் பாஸுக்கு இது பிடித்திருந்தது, வேறு காரணத்துக்காக. பெயர் சொல்ல மாட்டேன், படித்தால் போன் பண்ணுவார். "பேரு வரிசையில அடுக்கு பாய். நம்ம டத்தோ வந்து நிக்கும்போது பேரைத் தட்டினா டக்குன்னு வரணும்" என்றார். டத்தோ என்றால் அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், பாஸுக்கு வேண்டப்பட்டவர்.

"வரிசைன்னு ஒண்ணுதான் பாஸ் வைக்க முடியும். டத்தோவுக்கா, போட்டுக்கா?"

"ரெண்டுக்கும் வை."

"ஒரு ஆளை ரெண்டு பெஞ்சுல எப்படி பாஸ் உட்கார வைக்கிறது?"

அந்த வருடம் ஹாஜா பாய் மழைக்காலத்தில் புனிதப் பயணமாக உம்ரா போனார். பாஸ் சும்மா இருப்பாரா? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தன் அக்கா மகனை ஒரு சனிக்கிழமை பாலம் தாண்டி வரச் சொல்லி, டேபிளைப் பெயர் வாரியாக அடுக்கச் செய்துவிட்டார். வாரா வாரம் அது தானாகவே அப்படி அடுக்கிக்கொள்ளவும் ஏற்பாடு. முகமதுகள் எல்லாம் ஒரு பக்கம், லிம்கள் ஒரு பக்கம், முனியாண்டிகள் ஒரு பக்கம். முன்பு ஒன்றாக டிக்கெட் எடுத்த குடும்பமாவது பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது. இப்போது அப்பன் ஒரு மூலை, பிள்ளை ஒரு மூலை. ஹாஜா பாய் திரும்பி வந்து தலையில் கை வைத்தார். அந்தத் தலை அப்போது உம்ராவுக்கு மழித்து உண்மையான நிறத்தில் இருந்தது. மாற்றலாமா என்று கேட்டதற்கு, "டத்தோ பேரு நல்லா வருது, கை வைக்காதே" என்று பாஸ் சொல்லிவிட்டார்.

பள்ளி விடுமுறை வந்தது. போனில் வாங்குகிற திட்டை நேரில் வாங்கட்டும் என்று என்னையும் ஹாஜா பாயோடு மெர்சிங்குக்கு அனுப்பினார்கள். கூடத்தில் நிற்க இடமில்லை. மெர்சிங் படகுகளுக்குக் கடல்நீர்தான் கடிகாரம். தண்ணீர் வற்றினால் ஆற்றுவாயில் படகு நகராது. அன்று தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. மூன்று படகுகள் தயார். பெயர் வாரியாகச் சிதறிக் கிடந்தவர்களைத் தேடித் தேடி மென்பொருள் திணறியதில் பட்டியல் மட்டும் வரவில்லை. ரேவதி பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்தபடி நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாய், ஆயிர் சூருட்! தண்ணி போகுது!" என்று கத்தினார் ஒரு படகோட்டி. "ஏத்திட்டுப் போறேன், பேரெல்லாம் அப்புறம் எழுதிக்கோங்க."

"பட்டியல் இல்லாம ஒரு போட்டும் போகாது" என்றார் ஹாஜா பாய். பிறகு ரேவதியிடம் திரும்பி, "கவுண்டரை மூடும்மா. நான் இப்ப போட் வாரியா அடுக்கப்போறேன்" என்றார்.

என் கைப்பேசியில் பாஸ். ஹாஜா பாய் வாங்கிப் பேச மறுத்தார். நான் நடுவில் தூது.

"அவன்கிட்ட சொல்லு, கவுண்டரை மூடினா நாளைக்கு அவன் வேலைக்கு வரவேணாம்!"

நான் ஹாஜா பாயிடம், "மூடாம இருந்தா நல்லா இருக்கும்னு பாஸ் நினைக்கிறாரு" என்றேன்.

"அவர் சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு சேகரு. சரின்னு சொல்லிடு."

"பாஸ், பாய் சரிங்கிறாரு."

"எதுக்குச் சரி? மூடாததுக்கா, வேலைக்கு வராததுக்கா?"

அதற்குள் ஹாஜா பாய் கட்டளையைத் தட்டிவிட்டார். எல்லாத் திரையும் உறைந்தது. கூட்டம் உறுமியது. அலமாக், அடேயப்பா, அந்த உறுமலை நான் இன்னும் மறக்கவில்லை. ஹாஜா பாய் என்னை ஒரு பெஞ்சின் மேல் ஏற்றி, படகின் பெயரைச் சொல்லிக் கத்தச் சொன்னார். ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெஞ்சு வரிசை. குழந்தைகளையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு சனங்கள் இடம் மாறினார்கள். உள்ளே டேபிளில் நடப்பதும் வெளியே கூடத்தில் நடப்பதும் அன்று ஒரே வேலை. ஒரு அம்மா என்னைப் பார்த்து, "மேல ஏறி நின்னு கத்துறியே, நீதான் பெரிய ஆளா?" என்றார். இல்லை என்று கை காட்டினேன். நான் காட்டிய திசையில் அவர் பார்க்கவே இல்லை. முழுத் திட்டும் எனக்கே.

திரை உயிர் பெற்றது. பட்டியல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஹாஜா பாய் ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்து, பதில் குரல் கேட்ட பிறகே ஏற்றினார். இரண்டு படகுகள் போய்விட்டன. மூன்றாவது சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அந்தப் படகின் பயணிகளுக்கு மாலைத் தண்ணீர் வரும்வரை அவருடைய அத்தா விட்டுப்போன கடையில் சாப்பாடு.

அந்தக் கடையில் வைத்துத்தான் கேட்டேன். "வேலை போயிருந்தா என்னா பாய் பண்ணுவீங்க? ஒரு பட்டியலுக்கு இவ்வளவு பிடிவாதமா?"

கறியை ஒதுக்கிவைத்தார். பிறகு சொன்னார்: "என் தம்பி சின்ன வயசுல தீவுக்குப் போறேன்னு கிளம்பினான். அந்த போட்டு கவுந்துச்சு. அவன் ஏறினானா இல்லையான்னு சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. ராவும் பகலும் எங்கம்மா அழுதாங்க. அழலாமா கூடாதான்னு தெரியாம அழுதாங்க. அதுதான் சேகரு கொடுமை. மறுநாள் மத்தியானம் அவன் வந்து நிக்கிறான். போட்டை விட்டுட்டு கூட்டாளி வீட்டுல தூங்கியிருக்கான். எங்கம்மா அவனைக் கட்டிப்பிடிச்சாங்க. அப்புறம் விளக்கமாறு எடுத்தாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "அன்னிக்கு ஏறினவங்க வீட்டுல யாரும் சிரிக்கல" என்றார் பிறகு.

மறுநாள் அவர் வேலைக்கு வந்தார். பாஸ் எதுவும் சொன்னதாக நினைவில்லாததைப்போல இருந்தார், இவர் எதுவும் கேட்டதாக நினைவில்லாததைப்போல இருந்தார். வாரா வார ஏற்பாட்டையும் ஹாஜா பாய் நிறுத்திவிட, அதன்பின் டேபிள் படகு வாரியாகவே இருந்தது. டத்தோ பெயர் தேட ஒரு மூச்சு கூடுதலாகும். டத்தோவுக்கு அது தெரியவே தெரியாது.

இந்த மழைக்காலத்தில் அவர் அடுக்கவிருந்த வாரத்துக்கு முன்பே இப்படி ஆகிவிட்டது. துக்கம் விசாரித்து வந்த இரண்டாம் நாள் பாஸ் என் மேசைக்கு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"சேகர், இந்த வருஷம் விட்டுடலாம்லா. பாயும் இல்ல. ஆன்லைன்ல இப்பவே புக் பண்றாங்க. மூடினா வேற ஆளுகிட்ட போயிடுவாங்க."

என் தொழிலுக்கு இதற்கு ஒரு பதில் உண்டு: சரி பாஸ், பார்த்துக்கலாம் பாஸ். வாயில் வந்தது வேறு. "இல்ல பாஸ். விடுமுறை அன்னிக்குப் பட்டியல் வராம போனா யாரு நிப்பா அங்க? இப்ப மூடணும்."

"யாரு செய்வா?"

ஒவ்வொரு வருடமும் ஹாஜா பாயின் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் முறுக்கைத் தின்றுகொண்டு பார்த்திருக்கிறேன். ஒரே வரிக் கட்டளை. இண்டெக்ஸ் பெயர் படகுக்குரியதுதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடம் போதுமா, நகல் எடுத்தாயிற்றா என்றும் பார்த்தேன். தட்டினேன். எல்லாம் நின்றது. உடனே போன்கள் தொடங்கின: ஏஜெண்டுகள், ரேவதி, யாரோ ஒரு தங்குவிடுதிக்காரர். பாஸ் பக்கத்திலேயே நின்றார். "எவ்வளவு நேரமாகும்?"

"தெரியாது பாஸ். முடியறவரைக்கும் யாரையும் உள்ள விட முடியாது."

இத்தனை வருடப் போன் வேலையில் நான் தெரியாது என்று சொன்னது அன்றுதான்.

ஹாஜா பாயிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இது: கதவைச் சாத்திவிட்டு, தட்டுகிறவர்களுக்காகத்தான் சாத்தியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில், வேலை முடியும்வரை உள்ளே நிற்பது. அந்த நிற்பு அவருடையது. கால் மட்டும் என்னுடையது. திரை உயிர் பெற்ற பிறகுதான் முதல் போனை எடுத்தேன்.